வேளைக்குக் கால் மணி நேரம்

ராஜபாளையத்தில் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்ததுமே கேத்ரின் தாயிடம் கேட்டாள். "அம்மா, மதினி ஒன்ன அடிக்காளாமே? பக்கத்து வீடு வரைக்கும் சத்தம் கேக்குதாம்!"

"ஆமாட்டி. தெனம் ரெண்டு வேளை, குப்புறப் போட்டு அடிக்கா," என்றாள் ஏசம்மாள், இருமிக்கொண்டே.

"இப்பவே கெளம்பு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல என் வீட்டுல ஒம் மேல ஒரு விரல் படாது!"

சமையலறையிலிருந்து மருமகள் ரெனிட்டா வந்தாள். "தாராளமா கூட்டிட்டுப் போ கேத்ரின். ஆனா அடிக்கும்போது கையை இப்படிக் குழிச்சு வச்சுக்கிடணும்."

"என்னது?"

"அத்தைக்கு மூச்சுக்குழாய் அகலமாகிப்போச்சு. சளி வெளிய வராம உள்ளேயே தேங்குது. அதுல கிருமி குடியிருக்கு. மாத்திரை மட்டும் பத்தாது, வேளைக்குக் கால் மணி நேரம் முதுகுல தட்டித் தட்டிச் சளியக் கெளப்பி, இருமித் துப்ப வைக்கணும். டாக்டர் சொல்லிக்கொடுத்த அடி. போன மாசம் நாலு நாள் விட்டேன், காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டியதாப் போச்சு."

சொன்ன சொல்லை மாற்ற முடியாமல் கேத்ரின் தாயை அழைத்துப் போனாள். மறுநாள் காலை, குப்புறப் படுத்திருந்தவளின் முதுகில் பயந்து பயந்து தட்டினாள்.

ஏசம்மாள் தலையைத் திருப்பினாள். "என்னட்டி தடவிக்கிட்டு இருக்க? பெத்தவ மேல கொஞ்சமாச்சும் பாசம் இருந்தா, ஒம் மதினி மாதிரி நல்லா அடி!"