வெட்கங்கெட்ட சீட்டுக்கட்டு

"அந்தப் பொண்ணை உடனே வரச் சொல்லு. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்!"

பட்டப்பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையின் கதவைச் சாத்திவிட்டு அப்பா கத்தினார். அவர் கைக்கு அடியில் ஒரு சின்ன அட்டை டப்பா. பார்த்தவுடனே மகன் அதை அடையாளம் கண்டுகொண்டான். லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்குக் கீழே, பழைய ஃபிரேம்களுக்கு அடியில் அவன் ஒளித்து வைத்திருந்த டாரட் சீட்டுக்கட்டு அது.

"நேத்து ஸ்க்ரூடிரைவர் தேடினேன். இது கிடைச்சுது" என்றார் அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

குறி பார்க்கிற சீட்டுதான். அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆனால் அதை வரைந்தவள் இந்த வீட்டுக்கு வரப்போகிற மருமகள் ஆயிற்றே! 'படம் வரையறா' என்று மட்டும்தான் அவன் வீட்டில் சொல்லியிருந்தான். என்ன படம் என்று அவர்களும் கேட்கவில்லை. குழந்தைகள் புத்தகத்துக்கு முயலும் யானையும் வரைகிறாள் என்று அம்மா தானாகவே முடிவு கட்டி, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

முயலாவது, யானையாவது! அந்தச் சீட்டுக்கட்டில் பேரரசர் சிம்மாசனத்தில் பொட்டுத் துணியில்லாமல் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். ஆசி வழங்கும் தலைமைக் குருவின் அங்கியைக் காற்று தலைக்கு மேலே தூக்கியிருந்தது. ஒருவரே நெருக்கிக்கொண்டு உட்காரவேண்டிய குளியல் தொட்டிக்குள் காதலர்கள் இருவரும் எப்படியோ அடங்கியிருந்தார்கள். பின்பக்கமெல்லாம் தாராளம். முன்பக்கத்தில், எது எங்கே இருக்கவேண்டுமோ சரியாக அங்கே, சுரண்டிப் பார்க்கும் பரிசுச் சீட்டுகளில் இருக்குமே, அந்த மாதிரி வெள்ளிப் பூச்சு. தலைகீழாகத் தொங்குகிறவனுக்கு மட்டும் அது கொஞ்சம் இடம் மாறி, தொப்புள் பக்கம் சரிந்திருந்தது. கெட்டிக்காரி, அவ்வளவு யோசித்து வரைந்திருந்தாள்.

அவன் ஒரு சீட்டைக்கூடச் சுரண்டியதில்லை. 'கல்யாணத்துக்கு அப்புறம் சுரண்டிக்கோ' என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அவள் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். கதவைத் திறந்தவன் அவள் காதோடு சொன்னான்:

"அப்பா பார்த்துட்டாரு."

"ஐயையோ! எவ்வளவு பார்த்தாரு?"

"மேலாகப் பார்த்தாலே போதாதா? சிரிக்காதே. கல்யாணமே நின்னுடும்போல இருக்கு. நீ இல்லாம என்னால முடியாது, சொல்லிட்டேன்."

அவள் சிரிப்பு நின்றது. சட்டென்று அவன் கையைப் பிடித்து, விட்டுவிட்டு, உள்ளே போனாள்.

கண் பரிசோதிக்கும் நாற்காலியைக் காட்டி, "உட்காரு" என்றார் அப்பா. குற்றவாளிபோல உட்கார்ந்தாள்.

"இது நீ வரைஞ்சதா?"

"ஆமா மாமா."

"ஒண்ணு விடாம எல்லாமே?"

"ஆமா."

"இப்படி ஒரு வேலையைச் செய்ய உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?"

"மாமா, இது பெரியவங்களுக்கான கட்டு. டப்பா மேலயே போட்டிருக்கு."

"போட்டிருக்கு! நானும் படிச்சேன். அதை நம்பிப் பிரிக்கிற பெரியவங்க மனசு என்ன பாடுபடும்னு யோசிச்சியா?"

கல்லாவில் உட்கார்ந்திருந்த அம்மா பெருமூச்சு விட்டாள். "நேத்து ராத்திரி பூரா இவர் தூங்கல. என்னையும் தூங்க விடல."

"அத்தை, நீங்களுமா பார்த்தீங்க?"

"பார்த்தேன், பார்த்தேன்" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மாமா, அந்த வெள்ளியைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தீங்கன்னா..."

"பேசாதே!" அப்பா மேஜையைத் தட்டியதில் மூக்குக்கண்ணாடிகள் துள்ளின. "சுரண்டுறதைப் பத்தி என்கிட்ட நீ பேசவே பேசாதே!"

"அப்பா, கலைன்னு ஒண்ணு..." என்று மகன் ஆரம்பித்தான்.

"நீ வாயை மூடுடா. எல்லாம் தெரிஞ்சுகிட்டுத்தானே ஒளிச்சு வெச்ச?"

"சத்தியமா அதுக்கடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுப்பா!"

"தெரிஞ்சிருந்தா கட்டினா இவளைத்தான்னு நின்னிருக்க மாட்டே!"

அவள் எழுந்தாள். கண் கலங்கியிருந்தாலும் குரல் கலங்கவில்லை.

"பிடிக்கலைன்னா திட்டுங்க மாமா, எவ்வளவு வேணும்னாலும் கேட்டுக்கறேன். ஆனா வரையறதை விட்டுடுன்னு மட்டும் சொல்லாதீங்க. அதையும் விடமாட்டேன், இவரையும் விடமாட்டேன்."

"விடச் சொன்னது யாரு?" என்று அப்பா டப்பாவை மேஜை மேல் கவிழ்த்தார்.

சீட்டுகள் சிதறின. ஒன்றில்கூட வெள்ளிப் பூச்சு இல்லை. பேரரசர், குரு, காதலர்கள், தலைகீழ் ஆசாமி என்று எல்லாருக்கும் அது இருந்த இடத்தில் குட்டியாக, உருண்டையாக ஒரு முகம் மட்டும் நாக்கைத் துருத்தி அழகு காட்டிக்கொண்டிருந்தது.

"விடிய விடிய நானும் உங்க அத்தையும் மாத்தி மாத்திச் சுரண்டினோம்" என்றார் அப்பா, அழாத குறையாக. "கல்யாணத்துக்குள்ள ஒரே ஒரு சீட்டையாவது நேர்மையா வரைஞ்சு குடும்மா!"