இடது கால் சப்பாத்து

"இடது கால் மட்டும் தைச்சாப் போதும். வலது வேணாம்."

செருப்புக் கடைக்காரர் பஸீல் நானா மிருதுவான தோல் ஒன்றை மேசையில் விரித்தார். "வெட்டுறதுல இருந்து தையல் வரைக்கும் நீங்கதான். நான் கைவைக்க மாட்டேன்."

சுந்தரலிங்கத்தால் நம்ப முடியவில்லை. ஸ்பிரிங்வெளி தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தவர். சீனி வருத்தத்தில், அதாவது நீரிழிவில், பாதங்கள் மரத்துப்போய், மேடேறி வேலைக்கு நடக்கக் கூடாது என்று டொக்டர் சொன்ன பிறகுதான் ஆபீசை விட்டார். உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று பதுளை கடைவீதியில் இந்தத் தொழிலுக்கு வந்தார். இதுவரை பிய்ந்த செருப்புகளுக்கு வார் தைத்ததோடு சரி.

"யாருக்கு நானா?"

"ஒரு சீனி வருத்தக்காரருக்கு. ஒத்தக் காலாலதான் இனி நடக்கணும். அந்தக் காலயாவது பத்திரமா வச்சுக்கச் சொல்லியிருக்காங்களாம்."

"பாவம். கவனிக்காம விட்டிருப்பாரு. அளவு?"

நானா கத்தி தீட்டுவதிலேயே கண்ணாக இருந்தார். "ஒங்க காலு மாதிரிதான் வரும். அத வச்சே கோடு போட்டுக்கங்க."

சுந்தரலிங்கம் இடது பாதத்தை அட்டைமேல் வைத்து வரைந்தார். வலது காலில் கட்டு. போன மாதம் மடியிலிருந்து நழுவிய குத்தூசி பெருவிரலில் ஏறி நின்றது அவருக்குத் தெரியவே இல்லை. தரையில் ரத்தத்தைப் பார்த்து நானாதான் பதறினார். இப்போதும் துளி வலியில்லை. புண் ஆறி வருகிறது என்று அவருக்கு ஒரே நிம்மதி.

இரவுச் சாப்பாட்டின்போது மனைவி சரோஜாவிடமும் அந்தச் சப்பாத்தைப் பற்றியே பேசினார். "இத நல்லா முடிச்சிட்டா நானா எனக்குன்னு தனி மேசை போட்டுக் குடுத்துருவாரு, பாரு. அந்த ஆளுக்கும் ஒரு லாபம் இருக்கு. பொலிஷ் பாதி போதும்."

சரோஜா சிரிக்கவில்லை. குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

"கேக்க மறந்துட்டேன். நேத்து கிளினிக்ல ஒன்ன மட்டும் நிக்க வச்சு டொக்டர் என்ன சொன்னாரு?"

"மருந்த மாத்தணுமாம்." குரல் மட்டும் வந்தது.

வெள்ளிக்கிழமை சப்பாத்து முடிந்தது. உள்ளே எந்தத் தையலும் தோலில் உரசாதபடி மெத்தென்று பஞ்சு கொடுத்திருந்தார். தானே விரலை விட்டுத் தடவித் தடவிப் பார்த்தார். ஆபீசில் எத்தனையோ வருடம் எழுதியிருக்கிறார். கையால் செய்த ஒன்றைப் பார்த்து இப்படிப் பூரித்ததில்லை.

நானா வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "நல்ல வேல. இனி நான் சொல்லித்தர ஒண்ணுமில்ல," என்றார். அதைச் சப்பாத்தைப் பார்த்தே சொன்னார். சுந்தரலிங்கத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது சரோஜா கடைக்குள் வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. கையிலிருந்த பைக்குள் அவர் உடுத்தும் சாரமும் துவாயும், மேலே அவருடைய கிளினிக் அட்டையும் இருந்தன.

"எங்க கெளம்பிட்ட? சரி, இப்பிடி உக்காரு. சப்பாத்துக்காரரு வர்ற நேரம். அவரு போட்டு நடக்கிறத நீயும் பாத்துட்டுப் போ."

சரோஜா பையைக் கீழே வைத்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள். இடது காலிலிருந்த செருப்பை மெல்லக் கழற்றினாள். நானா நீட்டிய சப்பாத்தை வாங்கிக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேற யாரும் வரப்போறதில்லங்க. நீங்க போட்டுப் பாருங்க."