அட்டையில் ஓர் ஓட்டை

கான்ஸ்டபிள் நீட்டிய ஈரமான பட்டுப்புடவைத் துண்டைப் பார்த்ததும் அப்பாதுரையின் முகம் மலர்ந்தது. தன்னுடைய கரை வடிவத்தை எவனோ திருடி நெய்கிறான் என்று அவர் கொடுத்த புகாருக்கு ஒருவழியாக ஆள் வந்துவிட்டது.

"என் தறியில நெய்ஞ்சதுதாங்க. எங்க வேணா வந்து சொல்றேன்."

"உன் பேரா எழுதியிருக்குது? எப்படிச் சொல்ற?"

அப்பாதுரை சிரித்தார். "தறிமேல மாட்டுற ஜக்காடு அட்டையில ஓட்டை இருந்தாதான் அந்த எடத்துல ஜரிகை ஏறும். பொடவைக்குப் பொடவை ஒரு ஓட்டைய அடைப்பேன், இல்லன்னா புதுசா ஒண்ணு போடுவேன். ஒண்ணுல கரையில இருக்குற அன்னத்துக்குக் கண்ணு இருக்காது, இன்னொண்ணுல கொண்டை இருக்காது. எது யாருக்குப் போச்சுன்னு பார்த்ததும் சொல்லிடுவேன்."

"அதான் வேணும். இது யாருது?"

கரையை வெளிச்சத்தில் பிடித்தார். அன்னத்துக்குக் கண் இருந்தது, கொண்டையும் இருந்தது. காலில் மட்டும் கொலுசு போட்டதுபோல ஒரு ஜரிகைப் புள்ளி. அந்த ஓட்டையை ஒரே ஒரு புடவைக்குத்தான் போட்டிருந்தார்.

"இது எங்க கெடைச்சுது?"

"செவிலிமேட்டுல, ஒரு கெணத்துல. பொம்பள பொணம். மொகம் தெரியல."

உள்ளேயிருந்து மனைவி ஜெயம்மாள் கேட்டாள். "நம்ம பொடவைதானா?"

போன மாதம் சம்பந்தி வந்து, உங்கள் பெண் எவனோடோ ஓடிவிட்டாள் என்று தெருவில் நின்று கத்திவிட்டுப் போயிருந்தார். அன்றே அப்பாதுரை மகளைத் தலைமுழுகிவிட்டார். அவள் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

"ஜெயம்மா," என்றார் இப்போது. "நம்ம தேவகி ஓடிப்போவல."