கடிதத்தின் கீழ்ப்பாதி

ப்ரூரியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"எப்படி ஒட்டிக்கிச்சு பாருங்க," என்றேன். "கிழிஞ்ச ஓரம் ஒரு மயிரிழைகூட விலகல."

திரையில் ஒரு கடிதம். எண்ணூறு வருடங்களுக்கு முன் கெய்ரோவில் ஒரு பெண் எழுதியது. யூதர்களின் பழைய ஜெப ஆலயம் ஒன்றின் பரணில் கிடந்த காகிதக் குவியலோடு அதுவும் கடல் தாண்டிச் சிதறியது. மேல்பாதி இங்கிலாந்தில் ஒரு நூலகத்தில். கீழ்ப்பாதி நியூயார்க்கில். எங்கள் யூதவியல் துறைக்கு இந்த வருடம் வந்த புது மென்பொருள் இரண்டையும் செவ்வாய்க்கிழமை மதியம் சேர்த்துவிட்டது.

நான் அப்போது கேன்டீனில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

மேல்பாதியை அறியாதவர் எங்கள் துறையில் கிடையாது. கணவன் மிளகு வாங்க மலபார் கரைக்குப் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. அவள் எழுதுகிறாள்: 'மிளகு வேண்டாம், பட்டு வேண்டாம். இந்தக் கப்பலிலும் நீ வராவிட்டால் நான்'

அந்த 'நான்' என்ற சொல்லோடு காகிதம் கிழிந்திருந்தது.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் துறைப் பேராசிரியர்கள் மெனாஷேயும் ப்ரூரியாவும் முப்பத்தெட்டு வருடம் சண்டை போட்டார்கள்.

நான் மாணவியாக ஜெருசலேமுக்கு வந்த முதல் வாரமே அதைக் கேட்டேன். வியாழக்கிழமை மதியம், நூலகத்தின் அடித்தளத்தில், மைக்ரோஃபிலிம் அறை. கதவு மூடிவிடாதபடி ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்திருப்பார்கள். உள்ளே இரண்டு இயந்திரங்கள், அவற்றின் முன்னால் இரண்டு பேர். உலகத்து நூலகங்களின் காகிதங்களைப் படம் பிடித்த சுருள்களை ஒவ்வொன்றாக ஓட்டிக் கீழ்ப்பாதியைத் தேடுவார்கள். மெனாஷேயின் கோட்டுப் பையில் சூரியகாந்தி விதை இருக்கும். அறைக்குள் தின்னக் கூடாது என்ற பலகைக்குக் கீழேதான் உட்கார்ந்து கொறிப்பார்.

"விவாகரத்துதான் கேட்டிருப்பா. ஆறு வருஷம்னா சும்மாவா?"

"கட்டை பிரம்மச்சாரி, பொம்பளைங்களப் பத்தி உனக்கு என்னடா தெரியும்? காத்திருக்கேன்னுதான் எழுதியிருப்பா."

"பந்தயம்!"

"போடா."

சத்தம் மாடிப்படி வரை வரும். மாணவர்கள் நாங்கள் படியில் உட்கார்ந்து கேட்போம். எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி இருந்தது. நான் மெனாஷே கட்சி.

நான்கு மணிக்கு ப்ரூரியா எழுந்துவிடுவார். சந்தைக்குப் போய் வெள்ளி இரவு சபாத் விருந்துக்கு மீன் வாங்க வேண்டும். வீட்டில் கணவர், மூன்று பிள்ளைகள். பஸ் நிறுத்தம் வரை மெனாஷே அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு போவார். பஸ் கிளம்பிய பிறகும் ஜன்னலைப் பார்த்து ஏதோ வாதாடிக்கொண்டு நிற்பார்.

பிறகு எல்லாப் படங்களும் கணினிக்கு வந்துவிட்டன. வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். அவர்கள் மட்டும் வியாழக்கிழமை தவறாமல் அந்த அடித்தளத்துக்கே வந்தார்கள். முட்டி வலிக்கிறது என்று இருவரும் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்குவார்கள்.

போன குளிர்காலத்தில் மெனாஷே இறந்துபோனார். அவருடைய குறிப்பு அட்டைகள் பதினேழு பெட்டிகளாகத் துறைக்கு வந்தன.

ப்ரூரியா இப்போது கீழ்ப்பாதியை வாய்விட்டு வாசித்தார். எபிரேய எழுத்தில் எழுதிய அரபு, கோழி கிளறிய மாதிரி கையெழுத்து. எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அவர் ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை.

"அடுத்த கப்பலுக்கும் காத்திருப்பேன். ஆனால் நீ வந்து சேரும் அன்று உன்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"ஜெயிச்சுட்டீங்க," என்றேன்.

"ம்," என்றார்.

அடுத்த அறையில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணிக்குத் துறைக் கூட்டம், அதில் இதை நான் அறிவிக்க வேண்டும். கண்டுபிடித்தது யார் என்று ஒரு பெயர் சொல்ல வேண்டும். அதற்குத்தான் அவரை முன்கூட்டியே வரச் சொல்லியிருந்தேன்.

நேற்று மாலையிலிருந்து என் பையில் கிடந்த அட்டையை எடுத்து மேஜையில் வைத்தேன். மெனாஷேயின் பெட்டியில் இருந்தது. இங்கிலாந்துக் காகிதத்தின் எண், நியூயார்க் காகிதத்தின் எண், நடுவில் ஒரு கூட்டல் குறி. மூலையில் ஒரு தேதி.

"அவருக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு ப்ரூரியா. தெரிஞ்சுக்கிட்டே உங்களை வாராவாரம் தேட விட்டிருக்கார். நீங்க சொன்னதுதான் சரின்னு தெரிஞ்சும் இல்லை, இல்லைன்னு சண்டை போட்டிருக்கார். எத்தனை வருஷம்!"

மெனாஷேயை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ப்ரூரியா கோபப்படுவார் என்று நினைத்தேன். அழுவார் என்றுகூட நினைத்தேன். அவர் அட்டையைக் கையில் எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"எறும்பு ஊர்ற மாதிரி எழுதுவான். தேதி என்ன போட்டிருக்கான், படி."

"எண்பத்தொன்பது நவம்பர்."

அட்டையை அவர் என்னிடம் திருப்பித் தரவில்லை. தன் கைப்பையைத் திறந்து உள்ளே வைத்து மூடினார்.

"அப்போ எனக்கப்புறம் எட்டு மாசம்," என்றார்.