காற்றில்லாத நாட்கள்

தீவுக்கு வரும் போன் பேச்செல்லாம் கஸ்பார் பார்த்துக்கொள்ளும் மைக்ரோவேவ் கோபுரத்தில்தான் வந்து இறங்கும். காற்று அசையாத நாட்களில் கடல்மேல் வெப்பமும் ஈரமும் அடுக்கடுக்காகப் படிந்து ரேடியோ அலையை வளைத்துவிடும்; பேச்சு அறுந்துபோகும். அக்கரையிலிருந்த மனைவி செலினுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவள் அழைக்கும்போதெல்லாம், எல்லாம் நன்றாகக் கேட்டாலும், சீட்டாட்டத்தில் கையிலிருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டே, “கேக்கல புள்ள, இங்க காத்தே இல்ல” என்று வைத்துவிடுவான்.

இன்று அவனே அழைத்தான். “டிரான்ஸ்பர் கெடச்சிருச்சு. இனிமே வீட்டோட வந்துர்றேன்.”

அந்தப் பக்கம் பிள்ளை பாடம் படிப்பதுகூடத் தெளிவாகக் கேட்டது.

“கேக்கலங்க,” என்றாள் செலின். “அங்க காத்தே இல்ல போல.”

வெளியே ஆடிக்காற்று கோபுரத்தை உலுக்கிக்கொண்டிருந்தது.