மச்சினனுக்கு ஏற்ற கூட்டம்

"எந்திரி மாப்ள. தைரியமா ஒத்துக்க. இதுல வெக்கப்பட்டா வேலைக்காகாது" என்று மச்சினன் ரமேஷ்குமாரின் விலாவில் இடித்தார் காளிச்சாமி.

கோவிந்தாபுரத்தில் ஓர் உரக்கடையின் மாடி, ஞாயிற்றுக்கிழமை காலை. குடியை விட நினைக்கிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

காளிச்சாமிக்கு இது நாலாவது கூட்டம். பாலக்காட்டில் முழுக்க மலையாளம். "மலையாளத்துல அழுதா நியூஸ் கேக்கற மாதிரியே இருக்குது, நம்ம பையனுக்கு ஒட்டாது" என்று பாதியில் எழுந்துவிட்டார். பொள்ளாச்சியில் அவரிடம் தேங்காய் வாங்குகிற வியாபாரியே உட்கார்ந்திருந்தான். கொல்லங்கோட்டில் கட்டன் சாயா கொடுத்தார்கள், பால் இல்லை.

மகளுக்கு வரன் பார்க்கிறவர்கூட இத்தனை குற்றம் கண்டுபிடிக்க மாட்டார். ஒவ்வோர் இடத்திலும் ரமேஷ்குமார் வாய் திறக்கும் முறை வருவதற்குள் அவனை வெளியே இழுத்து வந்துவிடுவார்.

இந்த முறை அப்படி வர முடியாது. மனைவி செல்வப்பிரியா மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. "எந்தம்பி குடிச்சுக் கெட்டுப் போறான். அவனைக் கூட்டத்துல உக்கார வெச்சு, அவன் சொல்றதை முழுசாக் கேட்டுட்டு வாங்க. அப்புறந்தான் வருவேன்" என்று நேற்று போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

சோறாக்கி, பாத்திரம் கழுவி, சந்தைக்குப் போயும் விலை படியாமலோ என்னவோ திரும்பி வந்த செவலை மாட்டையும் கறந்து கறந்து மனுஷன் பாதியாகியிருந்தார்.

காளிச்சாமியும் குடிக்காதவர் அல்ல. ஆனால் சந்தை நாளில் மட்டும், மேல்வலிக்கு, அளவாக. அந்த அளவு எவ்வளவு என்பது மறுநாள் அவருக்கு ஞாபகம் இருக்காது, அவ்வளவுதான்.

ரமேஷ்குமார் மெதுவாக எழுந்தான். உரக்கடைக்காரர் மோகனசுந்தரம் பதினோரு வருஷமாகக் குடியைத் தொடாதவர். "சொல்லு தம்பி, இங்க எல்லாரும் நம்மாளுங்கதான்" என்றார்.

"வேலந்தாவளம் சந்தையில காலையில மாட்டை வித்துப்போட்டுக் குடிக்கப் போயாச்சுங்க. மத்தியானம் திரும்பி வந்து, துண்டுக்கடியில கையை உட்டு வெரலைப் புடிச்சு வெலை பேசி, நல்ல மாடு ஒண்ணு வாங்கியாச்சுங்க. ஊட்டுக்கு ஓட்டியாந்து கட்டும்போதுதான் பொம்பளைங்க பாத்தாங்க. காலையில வித்த அதே மாடுங்க, கூட வெலைக்கு."

மாடியே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் காளிச்சாமி. "சொந்த மாட்டையே வெலைக்கு வாங்குனவனை இப்பத்தானுங்க பாக்கறேன்" என்று பக்கத்து நாற்காலிக்காரரின் தொடையில் தட்டினார். நம்மால் இப்படியெல்லாம் ஒருநாளும் இறங்க முடியாது என்று அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ரமேஷ்குமார் சிரிக்கவில்லை.

"அது பரவால்லீங்க. எங்கக்கா மக தமிழ்ப்ரியா பள்ளிக்கூடத்துல ஆண்டு விழா. பாட்டுப் போட்டியில அவளுக்குத்தான் முதல் பரிசு. பேரைக் கூப்பிட்டதும் அவளுக்கு முன்னாடியே மேடையேறி, மைக்கைப் புடுங்கிப் பாட ஆரம்பிச்சாச்சுங்க. வேட்டி அவுந்து கீழ கெடக்குது, அதுகூடத் தெரியலை. அந்தப் புள்ளை அழுதுக்கிட்டே வேட்டியை எடுத்துக் கட்டி உட்டுச்சுங்க, அத்தனை பேரு முன்னாடி. அன்னைலிருந்து அவ பாடறதே இல்லைங்க."

காளிச்சாமியின் சிரிப்பு நின்றுபோனது.

அது அவருடைய மகள். முன்பெல்லாம் அவள் காலையில் பாடிப் பழகுகிற சத்தம் கேட்காமல் அவருக்குக் காப்பி இறங்காது. விழா நடந்த அன்று சந்தை நாள். அசதியில் வீட்டுக் கட்டிலிலேயே தூங்கிவிட்டோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் ஏன் கண்ணு பாட மாட்டேங்கறே என்று எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தார். தாயும் மகளும் வாயே திறக்கவில்லை.

காரணம் இன்றைக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலி சாய எழுந்து ரமேஷ்குமாரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"பாவி, அது நீதானா? எம்புள்ளையை ஊரு முன்னாடி அப்படி நிக்க வெக்க உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு? எம்பொண்டாட்டி ஊட்டை உட்டுப் போனது உன்னாலதானா? அன்னைக்கு நான் மட்டும் அங்க இருந்திருந்தா உன்னை அங்கயே தீத்துக் கட்டியிருப்பேன்."

வட்டத்தில் ஒருவரும் எழுந்து வந்து விலக்கவில்லை. மோகனசுந்தரம் தலையைக் குனிந்துகொண்டார்.

ரமேஷ்குமாரும் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. அவன் கண்கள் கலங்கியிருந்தன.

"நான் ஒருநாளும் குடிச்சதில்லைங்க மச்சான். அந்த மாட்டை வாங்குனதும், மேடையில இருந்ததும் நீங்கதானுங்க."