கீலும் கிண்ணமும்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் புளுகு கிடையாது. இருந்தால் என் முழங்கால் இரண்டும் இந்த நிமிஷமே எதிர்ப்பக்கமாக மடங்கட்டும்!

அவருக்குப் பெயர் அவசரம். பெற்றவர்கள் வைத்தது வேறு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூடப் பொறுக்காமல் டாக்ஸியிலேயே பிறந்துவிட்டதால் இதுதான் நிலைத்தது. வேலை, லிஃப்ட் மெக்கானிக். ஆனால் லிஃப்ட் வந்து சேருவதற்குள் படியேறிப் போய்விடுகிற ஆள்.

அன்றைக்கும் அக்கா வீட்டுக்குப் படியேறித்தான் போனார். அக்காவுக்கு முழங்கால் மூட்டு மாற்றிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. பழைய மூட்டு லேசுப்பட்டதில்லை. அவள் காலை மடக்கினால், யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எதிர்வீட்டுக்காரர் எழுந்து வருவார்.

அவசரம் உள்ளே நுழைந்தபோது, அக்கா ஸ்டூல் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அத்தான் அவள் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போய் ஃபிரிட்ஜ் தலையில் வைத்தார்.

"கண்ணாடியைக் குடுங்க!"

"கால் இருக்குல்ல? வந்து எடுத்துக்கோ."

அக்கா முனகிக்கொண்டே கம்பை ஊன்றிப் போய்க் கண்ணாடியை எடுத்து வந்தாள். வந்து பார்த்தால் டிவி ரிமோட்டைக் காணோம்.

"பால்கனியில வச்சிருக்கேன்."

அதையும் எடுத்து வந்தாள். இப்போது செல்போன் இல்லை. குளியலறைக்குள்ளிருந்து மணி அடித்தது.

அவசரத்துக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது.

"என்ன அத்தான் இது? ஆபரேஷன் பண்ண மனுஷியை இப்படிப் பந்தாடுறீங்க?"

"மாப்ளே, நீ இதுல தலையிடாதே."

"தலையிடாம? அக்கா, கிளம்பு. இனி நீ எங்க வீட்லதான் இருக்கே!"

"டேய், கொஞ்சம் பொறுடா..."

பொறுப்பதா? பரணிலிருந்து பெட்டியை இழுத்துப் போட்டார். கைக்கு அகப்பட்டதையெல்லாம் திணித்தார். போகிற வேகத்தில் அத்தானின் பனியன்களும் உள்ளே போயின.

அத்தான் அவர் கையைப் பிடித்துப் பால்கனிக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

"கத்தாதே, கேளு. முழங்கால்ங்கிறது கதவுக் கீல் மாதிரி. நீட்டி மடக்கிட்டே இருக்கணும். இல்லேன்னா புது மூட்டைச் சுத்திச் சதை இறுகிடும்னு பயிற்சி குடுக்கிற அம்மா சொன்னாங்க. இவ நாற்காலியை விட்டு அசைஞ்சாத்தானே?"

"எடுத்துச் சொல்றதுதானே அத்தான்?"

"கெஞ்சினேன், கொஞ்சினேன், ஒண்ணும் நடக்கல. ஒரு நாள் என்மேல கோவம் வந்து, அடிக்கச் சமையல்கட்டு வரைக்கும் துரத்திட்டு வந்தா பாரு, அன்னிக்குத்தான் எனக்கு வழி தெரிஞ்சுது. முட்டி நல்லா மடங்கற வரைக்கும் நான் கெட்டவனாவே இருந்துட்டுப் போறேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாதே."



அத்தான் மறுபடி ஒளித்து வைக்கிற வேலையைப் பார்க்கக் கிளம்பினார். அக்காவின் சீப்பை எடுத்துக்கொண்டு, முழங்காலைக் கையால் அழுத்தியபடி விந்தி விந்திக் கடைசி அறைக்குப் போனார்.

"உங்க காலுக்கு என்ன அத்தான்?"

"ஒண்ணுமில்ல. முட்டி லேசாப் பிடிச்சிருக்கு."

அவசரம் குனிந்த தலையோடு போய்ப் பெட்டியைக் காலி பண்ணத் தொடங்கினார். அக்காவுக்கு நாலு வார்த்தை புத்தி சொன்னால் என்ன என்று நாக்கு அரித்தது.

"ஏன்க்கா, நீயும் கொஞ்சம் எழுந்து நடந்தாத்தான் என்ன? காலை மடக்கி நீட்டக்கூடவா சோம்பல்?"

அக்கா, அத்தான் போன பக்கம் எட்டிப் பார்த்தாள். கம்பைச் சுவரில் சாய்த்தாள். கையை எங்கேயும் ஊன்றாமல் விருட்டென்று எழுந்து, விறுவிறுவென்று நடந்து போய்க் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். குதிகாலை நாற்காலிக்கு அடியில் இழுத்தாள். எண்ணெய் போட்ட கத்தரிக்கோல் மாதிரி சத்தமே இல்லாமல் மடங்கிற்று முழங்கால்.

அவசரம் கையில் பனியனோடு அப்படியே நின்றார்.

"அக்கா! உனக்குக் கால்..."

"உஷ்! அது எப்பவோ சரியாப் போச்சு."

"அப்புறம் ஏன் இந்தக் கூத்து?"

"உங்க அத்தானுக்கு முட்டி வலிங்கிறாரே, கோளாறு முட்டியில இல்லடா, இடுப்பு மூட்டுல. அது கெட்டுப்போனா வலி முட்டியில வந்து காட்டுமாம். ஒரு வழியா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனேன். 'கிண்ணத்துல பந்து உருள்ற மாதிரி இருக்கிற மூட்டு அது. உட்கார்ந்தே கிடந்தா இறுகிடும், வீட்டுக்குள்ளயே மெதுவா நடங்க'ன்னார். இவரு கேட்டாத்தானே? தெருமுனை வரைக்கும் வாங்கன்னாலே பேப்பரைத் தூக்கி மூஞ்சியில பிடிச்சுக்குவார்."

அக்கா குரலை இன்னும் தணித்துக்கொண்டாள்.

"என் சாமானை ஒளிச்சு வைக்க ஆரம்பிச்சதுலேருந்துதான் மனுஷன் வீடு பூராவும் நடக்கிறார். அந்த இடுப்பு இளகற வரைக்கும் நான் நொண்டிட்டே இருக்கேன். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே."

கடைசி அறையிலிருந்து அத்தானின் குரல் வந்தது. "ஏய், உன் சீப்பு இங்க இருக்கு! வேணும்னா வா!"

"ஐயோ, உங்களுக்கு ஈவு இரக்கமே கிடையாதா?" என்று கதறிக்கொண்டே, தம்பியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, கம்பை எடுத்து நொண்டினாள் அக்கா.

தீக்குச்சி எரிந்து முடிகிற நேரம்கூட ஒரு ரகசியத்தை வைத்திருக்கத் தெரியாத அவசரம், இரண்டைச் சுமந்துகொண்டு ஓட்டமாக என்னிடம் வந்து சேர்ந்தார். நான் உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன். விஷயம் அந்த வீட்டுக்குப் போனால், இரண்டு பேருமே நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் யார் கேட்டாலும் என் பேரை மட்டும் எடுத்துவிடாதீர்கள், புண்ணியமாய்ப் போகும்!